யாருக்கும் கொடுக்காத வரிசை

தாமிரபரணிக் கரையில் மழை பிடித்துக்கொண்டால் ஜனங்கள் குடையைத் தேடமாட்டார்கள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்றுதான் கேட்பார்கள். பாபநாசம் அணையில் எத்தனை அடி, மணிமுத்தாறு அணை திறந்தாச்சா, படித்துறையில் எத்தனை படி முங்கியிருக்கிறது என்று டீக்கடை முழுக்க இதே பேச்சுதான். ஒரு செண்டு வயல் இல்லாதவனும் கேட்பான். பம்பாய்க்குப் போய் அங்கேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டவரும் போன் போட்டுக் கேட்பார். கேட்டு என்ன செய்யப் போகிறார்? ஒன்றும் செய்யப் போவதில்லை. கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

இந்தக் குணத்தை நம்பித்தான் பாளையங்கோட்டையில் கணேஷ்ராம் ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறார். ஆற்றங்கரையில் ஒரு பெட்டியை மாட்டித் தண்ணீர் மட்டத்தை அளக்கிற வேலை. பெட்டிக்கு இரண்டு கடமைகள். அதன் நம்பருக்கு யார் மிஸ்டு கால் கொடுத்தாலும், அந்த நேரத்து நீர்மட்டத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். ஊரார் கொண்டாடியது இதைத்தான். இன்னொன்று, தண்ணீர் அபாயத்துக்கென்று குறித்த சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால் தாழ்வான தெருக்காரர்களுக்கெல்லாம் தானாகவே போன் போட்டு, "தண்ணி வருது, சீக்கிரம் மேட்டுக்குப் போங்க" என்று வாய்விட்டுப் பேசும். பேசுகிற குரல் விஜயஸ்ரீயினுடையது. பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராமும் அவள் எழுதியதுதான்.

விஜயஸ்ரீ திருநெல்வேலி டவுனில் பிறந்தவள். சைவப் பிள்ளைமார் வீடு. ஒரு காலத்தில் நிலபுலன் இருந்ததாம். அவள் அப்பா நாறும்பூநாதன் காலத்தில் அது கவர்மெண்டு உத்தியோகமாகச் சுருங்கி, அவள் காலத்தில் கம்ப்யூட்டராக வந்து நின்றது. படித்துவிட்டுச் சென்னையில் சில வருஷம் குப்பை கொட்டியவள், கல்யாணமானதும் ஊரோடு வந்துவிட்டாள். ஆளைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பில் கணக்குத் தாளில் ஒரு மார்க்கைக் குறைத்துவிட்டார் என்று வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றவள் அவள். வாத்தியார் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து பார்த்தால், அதே இடத்தில் அப்படியே நிற்கிறாள். மார்க்கை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். "இவளக் கட்டிக்கிடுதவன் என்ன பாடு படப் போறானோ" என்று அம்மா பார்வதியம்மாள் அன்றைக்கே தலையில் கைவைத்துவிட்டாள். கட்டிக்கொண்ட குமரவேல் பள்ளிக்கூட வாத்தியார்தான். அவள்கிட்ட வாதாடுகிற நேரத்தில் நாற்பது பரீட்சைத் தாள் திருத்திவிடலாம் என்பார்.

அப்படிப்பட்டவளைப் போன வருஷத்து ஐப்பசி மழை கீழே தள்ளிவிட்டது.

சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிப் படித்துறைத் தெரு என்று ஒன்று. அந்தத் தெருவின் கடைசி வீடு ஹமீது பீவியுடையது. புருஷன் இல்லை. வாசலிலேயே அடுப்பு மூட்டி ஆப்பம் சுட்டு விற்கிறாள். உள்ளே கட்டிலில் மாமியார், பக்கவாதம் வந்து ஒருபக்கம் விழுந்துபோனவர். அந்த மழையில் ஆறு சிவப்புக் கோட்டைத் தாண்டி ஏறியது. பெட்டி பேசவில்லை. ஒரு வீட்டுக்கும் போன் போகவில்லை. தண்ணீர் கட்டில் காலை நனைத்த பிறகுதான் ஹமீது பீவிக்கே தெரிந்தது. இடுப்பளவு வெள்ளத்தில் பக்கத்து வீட்டு ஆண்கள் கிழவியைக் கட்டிலோடு தூக்கினார்கள். தூக்கும்போது கட்டில் ஒருமுறை சாய்ந்தது. கிழவியின் தலை தண்ணீருக்குள் போய் வந்தது. பிழைத்தது அல்லா புண்ணியம்.

வெள்ளம் வடிந்ததும் விஜயஸ்ரீ போய்ப் பார்த்தாள். நாலு ஏச்சு கிடைக்கும், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனாள். ஹமீது பீவி ஏசவில்லை. சேறு கழுவிக்கொண்டிருந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, டீ கொடுத்தாள்.

"மாமிய ஒத்தையில தூக்க எனக்கு முடியாதும்மா. நாலு பேரக் கூப்பிடணும், ஆட்டோவச் சொல்லணும், அவியள உடுத்தி விடணும். எனக்கு ஒரு மணி நேரம் வேணும். அந்த ஒரு மணி நேரத்தத்தான் உங்க பெட்டி தரும்னு சொன்னீய. நானும் அத நம்பி உறங்குனேன்."

இதைவிட நாலு அறை கொடுத்திருக்கலாம். விஜயஸ்ரீ அந்த டீயைக் குடிக்காமலேயே கீழே வைத்தாள். அடுத்த மழைக்குள் இந்த ஒரு மணி நேரத்தை இவளுக்குக் கொடுத்தே தீர்வது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

ஆபீசுக்கு வந்து பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டி கெட்டுப்போகவில்லை. அதற்கு உள்ளே இடம் இல்லாமல் போயிருந்தது. இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் பெட்டிக்குள் மெமரி ரொம்பச் சின்னது. வருகிற ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு இடம் ஒதுக்க வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஒதுக்கிக் கொடுப்பதற்கென்றே ஒரு பகுதி, சிப்பு செய்த கம்பெனிக்காரன் கொடுத்த சாஃப்ட்வேரோடு சேர்ந்தே வரும். அதற்கு இங்கிலீஷில் அலோகேட்டர் என்று பெயர். நம் ஊர் விருந்தில் ஆளுக்கு இடம் பார்த்து உட்காரவைக்கிற பந்தி விசாரிப்பவர் என்று சொன்னால் சட்டென்று புரியும்.

இதைக் கணேஷ்ராமுக்குப் புரியவைப்பது பெரிய பாடாக இருந்தது. மனுஷர் நல்லவர், ஆனால் எதற்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

"எம்மா, தெனமும் ஒருக்கா அதுவா ஆஃப் ஆயி ஆன் ஆவுற மாதிரி வச்சிருவோம். எல்லாம் சரியாப் போவும்லா?"

"வெள்ளம் தெனமும் ஒருக்கா வந்தா அதுவும் சரிதான் சார். மழை நேரத்துல அர மணி நேரத்துலேயே மூச்சுமுட்டிருது. ஆஃப் பண்ணுத அந்த நேரம் பாத்துத் தண்ணி கோட்டத் தொட்டா என்ன செய்ய?"

"அதுக்காகக் கம்பெனிக்காரன் கொடுத்தத நாம மாத்தலாமா? உலகம் பூரா ஓடுது. அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?"

"அவன் ஊர்ல மழை பெஞ்சா யாரும் ஆத்துக்குப் போன் போடமாட்டான் சார்."

கணேஷ்ராம் சிரித்தாரே தவிர மசியவில்லை. மசிந்தது ஒரு கல்யாணத்தில். டவுனில் இருவருக்கும் வேண்டிய வீட்டுக் கல்யாணம். மறுவீட்டன்றைக்குச் சொதிச் சாப்பாடு. சொதி என்றால் எங்கள் ஆட்களுக்குக் கால் தரையில் நிற்காது. தேங்காய்ப் பால் மணமும் இஞ்சிப் பச்சடி மணமும் மண்டபத்து வாசல் வரை வந்து ஆளை இழுத்தன. கணேஷ்ராம் சம்சாரம், பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று ஆறு பேராக வந்து, பந்தியில் ஒன்றாக இடம் கேட்டு நின்றார். இடம் இல்லை. இல்லவே இல்லையா என்றால், இருந்தது. இந்த வரிசையில் ஒரு நாற்காலி, அந்த மூலையில் ஒன்று, தூணுக்குப் பின்னால் ஒன்று. எண்ணினால் பத்துக்கு மேல் காலி. ஆறு சேர்ந்தாற்போல எங்கும் கிடையாது. மாமனாருக்குச் சர்க்கரை வியாதி, பசி தாங்காது. மனுஷர் வேர்த்து விறுவிறுத்து, சாப்பிடுகிறவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

விஜயஸ்ரீ கை கழுவிவிட்டு அந்தப் பக்கமாக வந்தாள். இந்த நேரத்தை விடுவாளா அவள்?

"சார், எத்தன எல காலியா கெடக்கு, இன்னும் நிக்கீங்க?"

"சேந்தாப்ல இல்லம்மா. ஒண்ணு ஒண்ணாக் கெடக்கு."

"பெட்டிக்குள்ளயும் இதான் நடந்துச்சு. மிஸ்டு கால் எல்லாம் ஒத்த ஆளு சார். கண்ட எடத்துல உக்காந்து எந்திக்கான். எச்சரிக்கைக் குரல் பெருசு. அது குடும்பத்தோட வருது, நீங்க வந்த மாதிரி. அதுக்கு நீளமா ஒரு வரிசை முழுசா வேணும். காலி எடத்தக் கூட்டிப் பாத்தா தாராளமா இருக்கு. ஆனா குரல் நின்னுக்கிட்டே இருந்து செத்துப்போச்சு."

கணேஷ்ராம் பந்தியை ஒருதரம் பார்த்தார், மாமனாரை ஒருதரம் பார்த்தார். "பந்தி விசாரிக்கவன் சரியில்ல" என்றார்.

"அவனத்தான் மாத்தணும்கேன்."

"மாத்தித் தொல. இப்ப எனக்கு ஆறு எல பாத்துக் குடு."

அப்படித்தான் அனுமதி கிடைத்தது. கம்பெனிக்காரன் கொடுத்ததைக் கழற்றிவிட்டு, விஜயஸ்ரீ தன் கையாலேயே ஒன்றை எழுத ஆரம்பித்தாள். அவளுடைய திட்டம் எளிமையானது. வந்தவருக்கு வந்த இடத்தில் வெட்டிக் கொடுக்கிற பழைய வழக்கம் கிடையாது. பெட்டி உயிர் பெற்று எழும்போதே மெமரி முழுவதையும் வரிசை வரிசையாகப் பிரித்துவிடுவது. குறுஞ்செய்திக்கு ஒரே அளவில் சின்னச் சின்ன இடங்கள். குரலுக்கு நீளமாக ஒரு வரிசை. சின்னது சின்னதிலேயே உட்காரும், எழுந்துபோகும். நடுவில் துண்டு துண்டாகக் காலி விழாது. எழுதச் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு இடத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டால் போதும், பெட்டி என்ன உளறும் என்று கடவுளுக்கே தெரியாது. பங்குனி, சித்திரை வெயிலில் ஊரே குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, இவள் மேசையை விட்டு எழவில்லை. தப்பாக ஓடியதையெல்லாம் பிய்த்துப் பிய்த்து மறுபடி எழுதினாள்.

ஆனி மாதம் ஒருநாள் காலையில் சோதனை. ஆபீசில் ஒரு பெட்டியை வைத்து, ஒரு வாளித் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டாள். எல்லாரும் இந்த நம்பருக்கு ஓயாமல் மிஸ்டு கால் கொடுங்கள் என்று. நம் ஜனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? சித்தப்பா, அத்தை, மதினி, பெங்களூர்க்காரர்கள், துபாய்க்காரர்கள் என்று அத்தனை பேரும் கையில் வேறு வேலை இல்லாததுபோல அமுக்கித் தள்ளினார்கள். பெட்டி அசராமல் பதில் அனுப்பிக்கொண்டே இருந்தது. கணேஷ்ராமுக்கு வாயெல்லாம் பல். விஜயஸ்ரீ அளவுக் குழாயை வாளிக்குள் இறக்கி, தண்ணீரைக் குழாயின் சிவப்புக் கோட்டுக்கு மேல் ஏற்றினாள்.

பெட்டி பேசவில்லை.

மறுபடி ஏற்றினாள். மறுபடியும் மூச்சில்லை. எழுதியதை வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நின்றுவிட்டாள். அவளே எழுதிய வரி. சின்ன இடம் தீர்ந்துபோனால் பெரிய வரிசையிலிருந்து எடுத்துக் கொடு என்று இருந்தது. யாரும் அவளை அப்படி எழுதச் சொல்லவில்லை. கை தானாக எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்லத் தெரியாத ஊர் இது. இலை தீர்ந்துவிட்டால் வாழைமரத்துக்கு ஓடுவோம், நாற்காலி தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டில் வாங்கிப் போடுவோம், அதுவும் இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கிய வரிசையிலேயே, "கொஞ்சம் அனுசரிச்சுக்கிடுங்க" என்று உட்காரவைத்துவிடுவோம். அந்தத் தாராளம்தான் அவள் கைவழியாகப் பெட்டிக்குள் போயிருக்கிறது. தாராளத்தில் குரல் வெளியே நின்றுவிட்டது. "சவத்துப்பய தாராளம்" என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு, அந்த வரியை அழித்தாள். பெரிய வரிசை குரலுக்கு மட்டும். வேறு யாருக்கும் கிடையாது. சின்ன இடம் தீர்ந்தால், கேட்பவருக்குப் பதில் போகாது.

"பதில் போவாதுன்னா?" கணேஷ்ராமுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பாத்துரை அண்ணாச்சிக்கும் போவாதா?"

அப்பாத்துரை அண்ணாச்சி லேசான ஆளில்லை. படித்துறைத் தெருவுக்கு மேலே இருக்கிற வயல்களெல்லாம் அவருடையவை. ஆற்றங்கரையில் அவருடைய மோட்டார் ரூம் உச்சியில்தான் பெட்டியே நிற்கிறது, வாடகை ஒன்றும் வாங்காமல். மழைக்காலத்தில் ஒரு வெற்றிலையைப் போட்டு மென்று துப்புவதற்குள் நாலு தரம் மிஸ்டு கால் கொடுப்பார்.

"அவருக்கு மட்டும் ஒரு எடம் தனியாப் போட்டு வைய்யி. பெரிய மனுஷன்."

"மாட்டேன் சார்."

"எம்மா, அவரு பெட்டியக் கழத்திக்கிட்டுப் போன்னு சொல்லிட்டாருன்னா?"

"சொன்னா அங்கன போயி நான் பேசுதேன். அவருக்கு ஒண்ணு போட்டா உங்களுக்கு ஒண்ணு போடணும், எங்க அப்பாவுக்கு ஒண்ணு போடணும். கடைசியில அந்த வரிசை எங்க இருக்கும்? அண்ணாச்சி மேட்டுல இருக்காரு. அவரு கேக்கது ஆசைக்கு. ஹமீது பீவியக்கா கேக்கவே இல்ல, அவியளுக்குத்தான் சொல்லணும்."

கணேஷ்ராம் பேச்சை மாற்றிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், ஒருநாள் முழுக்க முகம் கொடுக்காமலும் இருந்து பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. வாத்தியார் வாசலில் நின்ற அதே பிள்ளைதான் இப்போது இங்கே நின்றுகொண்டிருந்தது. ஆவணியில் ஃபிட்டர் சங்கர் ஏணி போட்டு ஏறி, புதிய புரோகிராமைப் பெட்டியில் ஏற்றிவிட்டு இறங்கினான்.

கார்த்திகையில் அந்த மழை வந்தது. மலையில் முந்தின நாளே பிடித்துவிட்டது. விடிந்தபோது வானத்துக்கும் தரைக்கும் நடுவில் மழையைத் தவிர வேறொன்றும் இல்லை. பாளையங்கோட்டையில் கரண்டு போய்விட்டது. விஜயஸ்ரீ ஆபீசில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் தன் குணத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது. பேட்டையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆற்றுக்கு மிஸ்டு கால் கொடுக்கிறார்கள். முதலில் பதில் போனது. அப்புறம் சின்ன இடங்கள் நிரம்பின. பதில் நின்றது.

அதற்குப் பிறகு அவள் போன் ஓயவில்லை. அப்பாவே முதலில் கூப்பிட்டார். "என்னட்டி உன் பெட்டி, எனக்குப் பதில் சொல்ல மாட்டேங்கு? போன வருஷ மாதிரி செத்துட்டா?" அடுத்து அத்தை. அடுத்து யாரென்றே தெரியாத ஒருவர். பிறகு கணேஷ்ராம் தன் போனைக் காதிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டே வந்தார். அப்பாத்துரை அண்ணாச்சியின் குரல் ஸ்பீக்கர் போடாமலேயே அறை முழுக்கக் கேட்டது.

"என்னவே கணேசு, என் ரூம் மேல ஏறி நிக்கிது, எனக்கே பதில் சொல்லாதோ? மழை விடட்டும், கழத்தி ஆத்துல வீசுதேன் பாரும்!"

"கேட்டியா?" என்றார் கணேஷ்ராம், போனைப் பொத்திக்கொண்டு.

"கேட்டேன்" என்றாள் அவள். குரல் திடமாகத்தான் வந்தது. உள்ளே வேறு மாதிரி இருந்தது. பெட்டி செத்துக்கிடந்தாலும் பதில் வராது. குரலுக்கு இடம் பிடித்துக்கொண்டு விழித்திருந்தாலும் பதில் வராது. இரண்டில் எது என்று இங்கே உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடிப்பது? தாங்கமாட்டாமல் அவளே ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். பதில் இல்லை. தனக்கென்று ஒரு இடம் போட்டு வைத்திருக்கலாமே என்று மனசு ஒருதரம் அடித்துக்கொண்டது. கட்டில் சாய்ந்ததும், கிழவியின் தலை தண்ணீருக்குள் போனதும் கண் முன்னால் வந்தன. இரண்டாவது முறை கூப்பிடக் கை போனது. தானும் ஒரு இடத்தை அடைக்க வேண்டாம் என்று போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

ஹமீது பீவிக்குப் போட்டால், போன் போகவில்லை. அந்தப் பக்கத்து டவர் வருகிறதும் போகிறதுமாக இருந்தது. கணேஷ்ராம் அண்ணாச்சியைச் சமாதானப்படுத்திப் படுத்தித் தொண்டை கட்டிப்போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏசவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றி அவள் முன்னால் நகர்த்தினார். அவளுக்கு அது போன வருஷத்து டீயை ஞாபகப்படுத்தியது. தொடவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. போன் அடித்தது. ஹமீது பீவி.

"எக்கா! எங்க இருக்கீய?"

"எம்மா, கேக்குதா? நாங்க பள்ளிக்கூட மாடியில இருக்கோம். உன் குரல் வந்துச்சும்மா. 'தண்ணி வருது, மேட்டுக்குப் போங்க'ன்னு. எனக்கும் வந்துச்சு, தெருவுல அத்தன வீட்டுக்கும் வந்துச்சு. மாமிய உடுத்தி விட்டு, ஆட்டோ வச்சு, பையத்தான் கொண்டாந்தோம். ஆத்துத் தண்ணியில காலு நனையல."

விஜயஸ்ரீ போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் பின்னால் ஒரு கிழக்குரல் எதையோ கரகரவென்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"அது யாருக்கா?"

"மாமிதான். ஜன்னல் வழியா எங்க தெருவப் பாத்துப் பாத்து, வந்ததுல இருந்து ஏசிக்கிட்டே கெடக்காவ. தெருவுல மழைத் தண்ணிதான் ஓடுது, ஆத்துத் தண்ணி ஒரு சொட்டக் காணும், எந்தக் கூறுகெட்டவ பேச்சக் கேட்டு என்னக் கட்டில்ல இருந்து தூக்குனீயன்னு. உன்னத்தாம்மா சொல்லுதாவ."

"ஏசட்டும்க்கா, நல்லா ஏசட்டும்" என்றாள் விஜயஸ்ரீ. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலையிலிருந்து எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள், இந்த ஒன்றுக்காக அத்தனையும் வாங்கலாம். "போன வைக்காதீங்க. இன்னும் கொஞ்சம் கேக்கேன்."

போனைக் கணேஷ்ராமுக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். இருவரும் மேசைமேல் குனிந்துகொண்டு, பள்ளிக்கூட மாடியில் இருந்த கிழவி தங்களை வைவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மழைச் சத்தத்துக்கு நடுவே கிழவி சளைக்காமல் வைதுகொண்டே வந்தார். திடீரென்று நின்றுவிட்டது.

"எக்கா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் ஹமீது பீவி. "தெருவுக்குள்ள தண்ணி வந்துட்டு. எங்க வீட்டு வாசப்படி முங்கிட்டு. மாமி பாத்துக்கிட்டு இருக்காவ."